விளையாடுகிற பிள்ளையின் பல்: ஸ்போர்ட்ஸ் டிரிங்க், எனர்ஜி டிரிங்க் பழக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், பல் டாக்டர் இல்லை. இருந்தும் பல்லைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு ஒரு பையன்தான் காரணம். எங்கள் கால்பந்து டீமில் லெஃப்ட் விங்கில் ஓடுவான், பத்தாம் வகுப்பு. ஒரு நாள் காலை பிராக்டிஸ் முடிந்து எல்லோரும் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தபோது, இவன் மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தண்ணீர் முன்பல்லில் படாமல் விழுங்கிக்கொண்டிருந்தான். "என்னடா, பல் வலியா?" என்றேன். "வலி இல்ல சார், கூசுது" என்றான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். சொத்தையும் இல்லை, கறையும் இல்லை. முன்பற்கள் பளபளவென்று இருந்தன. அந்தப் பளபளப்புதான் கோளாறு என்பது பல் டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவன் பையில் தினமும் இருந்த ஆரஞ்சு கலர் பாட்டிலைப் பழக்கியது வேறு யாருமில்லை, நான்தான். ஜோனல் மேட்சுக்குப் போகும்போது "குடிங்கடா, தெம்பா இருக்கும்" என்று டீமுக்கே வாங்கிக் கொடுத்தேன். மற்ற பசங்க அதோடு விட்டுவிட்டார்கள். இவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

பிள்ளையை இப்போதுதான் அகாடமியிலோ ஜிம்மிலோ சேர்த்திருக்கிறீர்களா? மகன் சாயங்காலம் நண்பர்களோடு டர்ஃபுக்குப் போகத் தொடங்கியிருக்கிறானா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். விளையாடுகிற பிள்ளைகளும் படிக்கலாம், திட்டமாட்டேன்.

முதலில், கையில் இருப்பது எது?

கடை ஃபிரிட்ஜில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். மூன்று தனித்தனிச் சரக்கு அது.

ஸ்போர்ட்ஸ் டிரிங்க் என்பது தண்ணீர், சர்க்கரை, கொஞ்சம் உப்புச்சத்து, புளிப்பு, கலர். 1965-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில், வெயிலில் ஆடிச் சுருண்டு விழுந்த அந்த ஊர் ஃபுட்பால் வீரர்களுக்காக ராபர்ட் கேட் என்ற டாக்டரும் அவருடைய குழுவும் உருவாக்கிய கேட்டரேட்தான் இந்த வகையைப் பிரபலமாக்கியது. மணிக்கணக்கில் வியர்வை கொட்டுகிற பெரிய ஆட்களுக்காகச் செய்தது என்பதை மறந்துவிடாதீர்கள். 100 மில்லியில் சுமார் 6 கிராம் சர்க்கரை இருக்கும். அரை லிட்டர் பாட்டில் முழுவதும் உள்ளே போனால் 30 கிராம், அதாவது ஆறேழு டீஸ்பூன்.

எனர்ஜி டிரிங்கின் கதை வேறு. அதில் முக்கியச் சரக்கு கஃபீன். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி இதன் பெயரே 'கஃபீன் கலந்த பானம்'தான். லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உகந்ததல்ல என்றும், ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் குடிக்க வேண்டாம் என்றும் லேபிளில் போட்டாக வேண்டும். போட்டிருக்கிறார்கள், எறும்பு எழுத்தில். சர்க்கரை போட்ட வகைகளில் 100 மில்லிக்கு 11 கிராம் வரை போகிறது. சின்ன டின் ஒன்றிலேயே 27 கிராம். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-லேயே சொல்லிவிட்டது. போலந்து நாட்டில் 2024 ஜனவரி முதல் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கவே கூடாது.

மூன்றாவது ஓ.ஆர்.எஸ். இது உடம்பில் நீர் வற்றும்போது கொடுக்கிற மருந்து. உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடி, பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்று. பழச் சுவையோடு அட்டை டப்பாவில் வருகிற இனிப்புத் தண்ணீரையும் அதே பெயரில் ரொம்ப நாள் விற்றுக்கொண்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத எதற்கும் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் ஆணையம் உத்தரவு போட்டது. டப்பாவில் படம் என்ன இருந்தாலும் சரி, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

லேபிளில் புளிப்பைத் தேடுங்கள்

பெற்றோர் எல்லோரும் சர்க்கரையைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். "ஷுகர் ஃப்ரீ தான் சார் குடிக்கிறான்" என்று ஓர் அம்மா பெருமையாகச் சொன்னபோது சரி என்று தலையாட்டினேன். அது தப்பு.

பல்லுக்கு இரண்டு பக்கமிருந்து அடி விழுகிறது. ஒன்று, சர்க்கரை. வாயில் இருக்கிற கிருமிகள் அதைத் தின்று அமிலமாக்குகின்றன. சொத்தை அப்படித்தான் வருகிறது. இன்னொன்று, பானத்திலேயே இருக்கிற அமிலம். அதற்குக் கிருமியும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். நேராகப் பல்லின் மேல் பட்டு அதைக் கரைக்கும். சர்க்கரையை எடுத்துவிட்டால் முதல் அடி போகும், இரண்டாவது அப்படியே இருக்கும்.

லேபிளில் 'சிட்ரிக் ஆசிட்' என்றோ 'ஐ.என்.எஸ். 330' என்றோ இருக்கிறதா பாருங்கள் (ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கிற பொருட்களுக்கான எண்). 296 என்றால் மாலிக் அமிலம், 338 என்றால் பாஸ்பாரிக் அமிலம். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முன்னால் வரும். தண்ணீர், சர்க்கரை, அடுத்து இந்த எண் என்று இருந்தால் புளிப்பு நிறையவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சிட்ரிக் அமிலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். பல்லே கால்சியம்தானே.

பல்லில் என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வருகிற அத்தனை யோசனையும் உங்களுக்கே தோன்றும். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பல்லின் மேல்தோல்தான் எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள், எலும்பைவிடக் கடினம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் கனிமம்தான். ஆனால் அதில் உயிர் கிடையாது. நகம் வெட்டினால் வளரும், எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் கரைந்து போனால் போனதுதான். உடம்பால் திரும்பச் செய்ய முடியாது.

பி.எச். என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 7 என்றால் நல்ல தண்ணீர், குறையக் குறையப் புளிப்பு. சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். ஸ்போர்ட்ஸ் டிரிங்க், எனர்ஜி டிரிங்க் எல்லாம் பெரும்பாலும் 3-லிருந்து 3.5-க்குள் இருக்கின்றன. ஓர் எண் இறங்கினால் அமிலம் 10 மடங்கு. 7-க்கும் 3-க்கும் நடுவே 10,000 மடங்கு.

அப்படியானால் ஒரு மடக்கிலேயே பல் போய்விட வேண்டாமா? போகாது. உமிழ்நீர் இருக்கிறது. எச்சில் என்று நாம் கேவலமாகச் சொல்கிறோமே, அதுதான் இங்கே காவல்காரன். அமிலத்தைக் கழுவிவிடும், முறிக்கும், தன்னிடம் இருக்கிற கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொடுத்து மெத்தென்று ஆன எனாமலைத் திரும்பக் கெட்டிப்படுத்தும். அதற்கு அரை மணியாவது தேவை.

சிக்கல் என்னவென்றால், விளையாடும்போது அந்தக் காவல்காரன் டியூட்டியில் இருப்பதில்லை. வியர்த்துக் கொட்டுகிறது, வாயால் மூச்சு வாங்குகிறோம், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்த வறண்ட வாயில் புளிப்பை ஊற்றுகிறோம். அதுவும் ஒரு மடக்கு, ஒரு ஓட்டம், மறுபடி ஒரு மடக்கு. உமிழ்நீர் வேலையை ஆரம்பிப்பதற்குள் அடுத்த மடக்கு வந்துவிடும். இரண்டு மணி நேர பிராக்டிஸில் ஒரே ஒரு பாட்டிலைத்தான் குடித்தான் என்றாலும், கடைசி மடக்குக்குப் பிறகான அரை மணியையும் சேர்த்தால் பல் இரண்டரை மணி நேரம் புளியில் ஊறியிருக்கிறது. அதே பாட்டிலை அஞ்சு நிமிஷத்தில் குடித்து முடிக்கிறவனுக்குப் பாதிப்பு குறைவு. எங்கள் லெஃப்ட் விங் பையனின் கணக்கும் இதுதான். அவன் ஒன்றும் பெட்டி பெட்டியாகக் குடிக்கவில்லை. ஒரே பாட்டிலைக் காலையிலிருந்து முதல் பீரியட் முடியும்வரை சப்பிக்கொண்டே இருந்தான்.

வயதும் ஒரு காரணம். இரண்டாவது கடைவாய்ப்பல் முளைப்பது 12, 13 வயதில். புதிதாக முளைத்த பல்லின் எனாமல் வாய்க்குள் வந்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெட்டிப்படும். நாம் பிள்ளையை அகாடமியில் சேர்ப்பதும் சரியாக அந்த வயதில்தான்.

2012-ல் அமெரிக்காவில் 13 ஸ்போர்ட்ஸ் டிரிங்குகளையும் 9 எனர்ஜி டிரிங்குகளையும் எடுத்து ஆய்வு செய்து, 'ஜெனரல் டென்டிஸ்ட்ரி' இதழில் வெளியிட்டார்கள். எனாமல் துண்டை பானத்தில் 15 நிமிஷம் ஊற வைப்பது, பிறகு செயற்கை உமிழ்நீரில் வைப்பது, இப்படி ஒரு நாளைக்கு 4 தடவை. ஐந்தே நாளில் கரைந்தது அளந்து சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. எனர்ஜி டிரிங்கில் ஊறியதற்கு ஸ்போர்ட்ஸ் டிரிங்கைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சேதம். பி.எச். இரண்டுக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது, அப்புறம் ஏன் இரண்டு மடங்கு? இரண்டு வீட்டுப் புளிக்குழம்பு நாக்குக்கு ஒரே மாதிரிப் புளிக்கலாம். ஒன்றைச் சரிசெய்ய ஒரு சிட்டிகை வெல்லம் போதும், இன்னொன்றுக்கு ஒரு அச்சு முழுசாக வேண்டியிருக்கும். அதுபோல எனர்ஜி டிரிங்கின் அமிலத்தை முறிக்க உமிழ்நீர் அதிகமாகப் பாடுபட வேண்டியிருக்கிறது. ஆய்வகத்து ஊறல் வேறு, நம் வாய் வேறு என்பதும் உண்மைதான். ஆனால் தினமும் சப்புகிற பிள்ளையின் வாய் அந்த ஆய்வகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடுகிறது.

பெரிய வீரர்களின் வாயும் நாம் நினைப்பதுபோல இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் பல் கிளினிக்குக்கு வந்த 302 வீரர்களைச் சோதித்தார்கள். 55 சதவீதம் பேருக்குச் சொத்தை, 45 சதவீதம் பேருக்கு அமிலத்தில் எனாமல் கரைகிற பல் அரிப்பு. பல்லும் ஈறும் தங்கள் பயிற்சியை, ஆட்டத்தைக் கெடுத்தது என்று 18 சதவீதம் பேரே ஒப்புக்கொண்டார்கள். கிளினிக்குக்கு வந்தவர்கள் கணக்கு இது, எல்லா வீரர்களின் கணக்கும் அல்ல. அத்தனைக்கும் பானம் மட்டும் காரணம் என்றும் சொல்ல முடியாது. பல்லை நினைத்துக்கொண்டு யாரும் மெடலுக்கு ஓடுவதில்லை என்பது மட்டும் புரிகிறது.

வீட்டிலேயே ஒரு செம்பருத்திச் சோதனை

பிள்ளைகளுக்கு அறிவுரை ஏறாது, கலர் மாறினால் ஏறும். நான் வகுப்பில் செய்து காட்டுவது இது.

சிவப்புச் செம்பருத்திப் பூ நாலைந்து பறித்து, இதழ்களை மட்டும் பிய்த்து ஒரு டம்ளர் வெந்நீரில் போடுங்கள். பத்து நிமிஷத்தில் தண்ணீர் ஊதா கலந்த நிறத்துக்கு வந்துவிடும். வடிகட்டி, நாலு சின்ன கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொள்ளுங்கள். முதலாவதில் குடிதண்ணீர் ஒரு ஸ்பூன்: பெரிதாக ஒன்றும் நடக்காது. இரண்டாவதில் சோப்புத் தண்ணீர்: பச்சைப் பக்கம் போகும். மூன்றாவதில் அந்த பாட்டில் பானம் (கலர் இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் மாற்றம் தெரியாது): பளிச்சென்று சிவப்பாகும். நாலாவதில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். அதுவும் சிவப்புதான்.

இந்த நாலாவது டம்ளரில்தான் என் வாய் அடைத்துப்போனது. பாட்டிலை நிறுத்திவிட்டு நான் பசங்களுக்கு மாற்றாகக் கொடுத்தது எலுமிச்சைத் துண்டும் உப்பும். ஹாஃப் டைமில் அதைக் கடித்துச் சப்பச் சொல்வேன். எலுமிச்சையின் பி.எச். 2-க்குப் பக்கம். வீட்டுச் சரக்கு, இயற்கை, விலை குறைவு எல்லாம் சரி. பல்லுக்கு அது தெரியுமா?

பொறுமை இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். முட்டை ஓட்டுத் துண்டு ஒன்றைத் தண்ணீரிலும் இன்னொன்றை பானத்திலும் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். பானத்தில் கிடந்த ஓட்டின் மேல்பக்கம் வழவழப்புப் போய், சுண்ணாம்பு மாதிரி விரலில் வரும். முட்டை ஓடு எனாமலைவிடச் சீக்கிரம் கரையும், அதனால் இதை அப்படியே பல் என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். திசை எது என்று காட்டினால் போதும்.

எப்போது தேவை, எப்போது தேவையில்லை

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற எந்த விளையாட்டுக்கும் தண்ணீர் போதும். பள்ளிப் பிள்ளைகளின் தினசரி பிராக்டிஸ் பெரும்பாலும் இதற்குள்தான். கூடவே ஒரு வாழைப்பழம் இருந்தால் ராஜபோகம்.

மே மாத வெயிலில் நாள் முழுக்க டோர்னமென்ட், ஒரே நாளில் மூன்று மேட்ச், நெடுந்தூர ஓட்டம் என்றால் உப்பும் சர்க்கரையும் உடம்புக்குத் தேவைப்படலாம். அங்கே ஸ்போர்ட்ஸ் டிரிங்கை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மயங்கி விழுகிற பிள்ளைக்கு எனாமல் பாடம் நடத்த முடியாது. ஓ.ஆர்.எஸ். கரைத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பாக்கெட் கொடுப்பார்கள்.

எனர்ஜி டிரிங்குக்கு மட்டும் விளையாட்டு மைதானத்தில் இடமே இல்லை. எந்த நாளுக்கும் இல்லை.

மோர் நல்லது. "மோரும் புளிப்புதானே சார்?" என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. செம்பருத்தியில் ஊற்றினால் அதுவும் சிவப்புப் பக்கம்தான் போகும். ஆனால் மோரில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே கரைந்து கிடக்கின்றன. அது பல்லிடம் கையேந்த வேண்டியதில்லை. எலுமிச்சையிலும் பாட்டிலிலும் அந்தச் சரக்கு இல்லை. இளநீர் லேசான புளிப்பு, பரவாயில்லை. கரும்புச் சாறு, ரோஸ்மில்க், பன்னீர் சோடா எல்லாம் சர்க்கரைக் கணக்கில் வரும்.

குளுக்கோஸ் பொடியை மறந்துவிட்டேன். ஸ்டார்ட்டிங் லைனுக்குப் பக்கத்தில் உள்ளங்கையில் கொட்டி நக்குவார்களே, அதேதான். பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு கிருமிக்கு விருந்து. ஆரஞ்சு, எலுமிச்சை வாசனை வகை என்றால் அதில் சிட்ரிக் அமிலமும் உண்டு. நக்குவதை முதலில் நிறுத்துங்கள்.

குடித்துத்தான் ஆக வேண்டும் என்றால்

முதலில் தண்ணீரைக் குடித்துத் தாகத்தைத் தணித்துக்கொண்டு, வாய் ஈரமான பிறகு பானத்தைத் தொடுங்கள். பிரேக் விடும்போது ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட வேண்டும். பாட்டிலைத் திரும்ப மூடிப் பையில் வைக்கக் கூடாது. மிச்சமிருந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுங்கள், இல்லை கீழே ஊற்றுங்கள். இருபது ரூபாய் போகிறதே என்று பார்க்காதீர்கள்.

ஸ்ட்ரா இருந்தால் அதன் முனை முன்பல்லைத் தாண்டி உள்ளே இருக்கட்டும். உதட்டில் வைத்து உறிஞ்சினால் பானம் நேராக முன்பல்லின் மேல்தான் பாயும். ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால் கரைப்பது கொஞ்சம் மெதுவாக நடக்கும். டிவியில் சில வீரர்கள் பானத்தை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புவதைப் பார்த்துவிட்டு நம் பசங்களும் அதையே செய்கிறார்கள். அது அவர்கள் போட்டிக்காகச் செய்கிற வேறு ஒரு உத்தி. பல்லுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை.

குடித்து முடித்ததும் வெறும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். ஒரே ஒரு யோசனையைத்தான் கேட்பேன் என்றால் இதைக் கேளுங்கள். செலவில்லை, பத்து விநாடி வேலை. சர்க்கரையில்லாத சூயிங் கம் மெல்வதும் எச்சிலை ஊற வைக்கும். மைதானத்தில் ஓடும்போது மட்டும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

பாக்ஸிங், ஹாக்கி ஆடுகிற பிள்ளைகள் மவுத்கார்டு போட்டுக்கொண்டு இடையில் பானம் குடிக்கக் கூடாது. அது தொட்டி மாதிரி அமிலத்தைப் பல்லோடு சேர்த்துப் பிடித்துவைக்கும். கழற்றி, குடித்து, கொப்பளித்து, பிறகு மாட்டலாம். பல்லுக்குக் கிளிப் போட்டிருப்பவர்கள் இன்னும் கவனம். கம்பியைச் சுற்றிச் சுண்ணாம்பு நிறத்தில் புள்ளி விழுந்தால், கிளிப் எடுத்த பிறகும் அது அங்கேயே சிரிக்கும்.

உடனே பிரஷைத் தொடாதீர்கள்

ஒழுங்கான பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற இடம் இது. பிராக்டிஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் "வாய் கசகசன்னு இருக்கும்மா" என்று பிரஷை எடுப்பார்கள். அமிலம் பட்டு மெத்தென்றிருக்கிற எனாமலை அப்போது தேய்த்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். அரை மணியாவது போகட்டும், ஒரு மணி என்றால் நல்லது. காலை பிராக்டிஸுக்குப் போகிறவர்கள் போவதற்கு முன்பே தேய்த்துவிட்டுப் போகலாம்.

பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று ட்யூபில் பாருங்கள். நம் நாட்டில் 1000 பி.பி.எம். வரைதான் அனுமதி, அதற்குப் பக்கத்தில் இருந்தால் சரி. தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினால் ஃப்ளோரைடும் போய்விடும். மெல்லிய நார் பிரஷ் போதும். உமிக்கரி, கரடுமுரடான பல்பொடி, கறுப்பு கரிப் பேஸ்ட் எதுவும் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கரைந்த தோலை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான்.

பரீட்சைக் காலத்து ராத்திரி

விளையாடாத பிள்ளைகளும் மாட்டுவது இங்கே. பிளஸ் டூ, நீட் என்று ராத்திரி இரண்டு மணி வரை கண் விழிக்க ஒரு பாட்டில் எனர்ஜி டிரிங்க். புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு பக்கம் புரட்டினால் ஒரு மடக்கு. அப்படியே படுத்துவிடுவார்கள். தூக்கத்தில் உமிழ்நீர் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. சர்க்கரையும் அமிலமும் விடியும்வரை வாய்க்குள். சொத்தைக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு கிடையாது. கஃபீன் தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் படித்தது நிற்காமல் போவது தனிக் கதை. விழித்தே தீர வேண்டும் என்கிற பிள்ளைக்கு சர்க்கரை குறைத்து ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுங்கள். படுக்கும் முன் பிரஷ், அதற்கப்புறம் தண்ணீர் தவிர எதுவும் இல்லை.

கண்ணாடியில் என்ன பார்க்க வேண்டும்

மாதம் ஒரு தடவை, பகல் வெளிச்சத்தில், வாசலில் நிற்க வைத்துப் பாருங்கள். முன்பல்லின் ஓரம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவித் தெரிகிறதா? ஓரத்தில் சின்னச் சின்ன சில்லு உடைந்திருக்கிறதா? முன்பற்களில் இருக்க வேண்டிய மெல்லிய கோடுகள் மறைந்து, மெழுகு பூசினதுபோல் வழவழப்பாக இருக்கிறதா? பல் முன்பைவிட மஞ்சளாகிறதா? மஞ்சள் என்றால் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தள்ளாதீர்கள். எனாமல் மெலிந்து உள்ளே இருக்கிற மஞ்சள் நிற அடுக்கான டென்டின் தெரிகிறது என்று அர்த்தம். கடைவாய்ப் பல்லின் மேடுகளில் குழி விழுந்திருக்கிறதா என்று மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். அடைத்த சிமெண்ட் பல்லைவிட உயர்ந்து நின்றால், சிமெண்ட் வளரவில்லை, பல் இறங்கியிருக்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறை வருவது பழைய கதை. அது ஃப்ளோரோசிஸ், வேறு கோளாறு. அந்தத் தண்ணீரையே குடிக்கிற வீடு என்றால் பேஸ்ட் விஷயத்தைப் பல் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

டாக்டரிடம் போகும்போது

கூச்சம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் போய்விடுங்கள். மாவட்ட, தாலுகா அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி.

போவதற்கு முன் நாலு நாளைக்கு ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன குடித்தான், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் குடித்தான், பிறகு எப்போது பல் தேய்த்தான். அளவு முக்கியமில்லை, நேரம் முக்கியம். ஞாயிற்றுக்கிழமையும் அதில் வரட்டும், பிள்ளைகளின் உண்மை அன்றைக்குத்தான் தெரியும். பாட்டிலையும் கையில் எடுத்துப் போங்கள். எங்கள் பையன் முதல் தடவை போனபோது இதையெல்லாம் சொல்லவில்லை. கூச்சத்துக்கான பேஸ்ட் ஒன்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை நானே கூடப் போய், தலையைச் சொறிந்துகொண்டு, பாட்டிலை மேஜையில் வைத்தேன்.

ஆரம்ப நிலை என்றால் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவார்கள், வலிக்காது. ஓரம் உடைந்திருந்தால் பல் நிறத்திலேயே சிமெண்ட் வைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். நரம்பு வரைக்கும் போய்விட்டால் ரூட் கெனால்.

இன்னொன்று: பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசலாம். நாங்கள் பேசினோம். பெட்டிக்கடை அண்ணன் பாட்டில்களைப் பின்வரிசைக்கு மாற்றினார், மோர் பாக்கெட்டை முன்னால் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் காலை ஏழரைக்கு வேர்த்து விறுவிறுத்து வருகிற பிள்ளை முன்னால் இருப்பதைத்தான் எடுக்கிறது.

அந்த லெஃப்ட் விங் பையன் இப்போது காலேஜ் டீமில் ஆடுகிறான். இரண்டு முன்பல்லின் ஓரத்தையும் டாக்டர் கட்டிக் கொடுத்திருக்கிறார், பார்த்தால் தெரியாது. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தால் மட்டும் தம்பிகள் கரும்பைக் கடித்து இழுக்க, இவன் கத்தியும் தட்டும் வைத்துக்கொண்டு துண்டு துண்டாகச் சீவிக்கொண்டிருப்பான்.